உஷார்! நாய்க்குட்டியைக் கூண்டில் பூட்டிவிட்டுத் தூங்கப் போகிறீர்களா?

நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கள் தலையில் இப்போதெல்லாம் ஒரு கம்பிக் கூண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். கூடவே ஒரு யோசனையும் வரும்: "ராத்திரி உள்ளே விட்டுப் பூட்டிடுங்க சார். ரெண்டு நாள் கத்தும், கண்டுக்காதீங்க. மூணாம் நாள் தானா அடங்கிடும்." இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இரண்டு மாதம்கூட நிரம்பாத குட்டியைப் பால்கனியிலோ மொட்டைமாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ பூட்டி வைத்துவிட்டு, கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு படுத்துவிடும் வீடுகள் இருக்கின்றன. காலையில் போய்ப் பார்த்தால் குட்டி அடங்கித்தான் கிடக்கும். சில வீடுகளில் அது மறுபடி எழுந்திருப்பதே இல்லை.

கூண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. சரியாகப் பழக்கினால் நாய் தானாகவே போய்ப் படுத்துக்கொள்ளும் இடம் அது. அறுவை சிகிச்சை முடிந்து வந்தால், ரயிலில் கொண்டுபோக வேண்டியிருந்தால், தீபாவளி வெடிச்சத்தத்தில் நடுங்கினால், கூண்டுக்குப் பழகிய நாய்க்கு அது பெரிய ஆறுதல். ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், யார் காதுக்கும் எட்டாத இடத்தில், முதல் நாளே, கழுத்தில் பெல்ட்டோடு, விடிய விடியப் பூட்டி வைப்பதில் இருக்கிறது.

அந்த பெல்ட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குட்டியின் கழுத்து பெல்ட்டில் ஒரு வளையம் உண்டு. அதில் மணியோ பெயர்த் தகடோ தொங்கும். குட்டி கம்பியோரமாகப் படுத்துப் புரளும்போது அந்தத் தகடு இரண்டு கம்பிக்கு நடுவே நுழைந்து, அந்தப் பக்கம் குறுக்காகத் திரும்பி மாட்டிக்கொள்கிறது. விடுபடுவதற்குக் குட்டி பின்னால் இழுக்கும். இழுத்தால் பெல்ட் இறுகும். இறுகியதும் பயந்துபோய் உடம்பை முறுக்கும். முறுக்க முறுக்க பெல்ட் திருகிக்கொண்டு மூச்சுக்குழாயை அழுத்தும். கழுத்து நெரிபடும் குட்டியால் கத்த முடியாது. அடுத்த அறையில் இருப்பவர்களுக்கு, "அப்பாடா, தூங்கிடுச்சு" என்றுதான் தோன்றும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே கூண்டுக்குள் விடும்போது குட்டியின் உடம்பில் எதுவுமே இருக்கக் கூடாது. பெல்ட், மணி, மார்புப் பட்டை, சங்கிலி, ஆசையாகப் போட்டுவிட்ட சட்டை எல்லாவற்றையும் கழற்றுங்கள். திருஷ்டிக்காகக் கட்டிய கறுப்புக் கயிற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது பெல்ட்டை விடவும் மோசம். மெல்லிய கயிறு, அறுக்கவும் வராது, கண்ணுக்கும் தெரியாது, குட்டி வளர வளரச் சதைக்குள் பதியும்.

அடுத்தது கூண்டின் கம்பி. பட்டறையில் கோழிக்கும் புறாவுக்கும் அடித்துக் கொடுக்கிற கூண்டையே நாய்க்கும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கம்பிகளுக்கு இடையே குட்டியின் தலை நுழைகிற அளவு இடைவெளி இருந்தால், அது நிச்சயம் நுழைத்துப் பார்க்கும். உள்ளே போன தலை காது தடுத்து வெளியே வராது. பல் முளைக்கிற வயசில் குட்டி கம்பியைக் கடிக்கும். கடிக்கும்போது கீழ்த்தாடை கம்பியில் கொக்கி போல மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. தரையும் கம்பியாக இருந்தால் கால்விரலும் நகமும் சிக்கும். தரை மீது கெட்டியான பலகையோ ரப்பர் விரிப்போ போடாத கூண்டில் குட்டியை விடாதீர்கள். வெல்டிங் வைத்த இடங்களைக் கையால் தடவிப் பாருங்கள். உங்கள் விரலைக் கீறுகிற முனை, அதன் கண்ணையும் கீறும். அப்படியும் ஏதாவது மாட்டிக்கொண்டால் குட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு கையால் அதன் உடம்பைத் தாங்கிக்கொண்டு, பெல்ட் என்றால் கத்தரியால் வெட்டுங்கள், கம்பி என்றால் வளையுங்கள் அல்லது வெட்டுங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோலும் கட்டிங் பிளேயரும் எப்போதும் கிடக்கட்டும். கூண்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை எங்கோ வைக்கிற வழக்கமும் வேண்டாம். ராத்திரி கேஸ் கசிந்தாலோ மின்கசிவில் தீப்பிடித்தாலோ வீட்டில் உள்ள யாரும் ஒரே நொடியில் திறக்க முடிய வேண்டும்.

குட்டி ஏன் கத்துகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் நடக்காது. நேற்று ராத்திரி வரை அது தாயின் வயிற்றோடும் நாலைந்து உடன்பிறப்புகளோடும் ஒட்டிப் படுத்துத் தூங்கியது. தனியாகத் தூங்குவது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. கூட்டத்திலிருந்து பிரிந்த குட்டி குரல் கொடுத்தால் தாய் தேடி வரும். அதன் பிறவியிலேயே இருக்கிற ஒரே பாதுகாப்பு அந்தக் குரல்தான். அதைப் போய் 'அடம்' என்கிறோம். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். சுமார் 3 வாரம் முதல் 12 வாரம் வரையிலான காலம்தான் நாயின் குணத்தை வார்க்கிற காலம் என்பது அவர்கள் காட்டிய முக்கியமான விஷயம். நாம் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவது சரியாக அந்த வாரங்களுக்குள்தான். அப்போது கூண்டில் கிடந்து நடுங்கிய நாய்க்கு, வளர்ந்த பிறகும் கூண்டைப் பார்த்தால் மிரட்சி போகாது. தனியே விட்டால் கதவைப் பிறாண்டுவதும், அறை முழுக்க எச்சில் வடிப்பதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பயத்திலிருந்து வருபவைதான்.

கத்துகிற குட்டியை வீட்டுக்கு வெளியே தள்ளுவதற்கு அடுக்குமாடிகளில் சொல்லும் காரணம் பக்கத்து வீட்டுக்காரர். "செக்ரட்டரி கம்ப்ளெய்ன்ட் பண்ணிட்டார், அதனால மாடியில வெச்சுட்டோம்" என்பார்கள். நாய் குரைக்கிறது என்பதற்காக வளர்ப்பு நாயையே கூடாது என்று சொல்ல குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இரவில் அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு நமக்கும் உண்டு. குட்டி வரும் முன்பே பக்கத்து வீட்டில் போய், "ஒரு வாரம் கொஞ்சம் சத்தம் இருக்கும், பொறுத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குட்டியை மாடிக்கு அனுப்புவது எந்த வகையிலும் தீர்வாகாது.

மாடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சென்னையில் மே மாதப் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்கள் உண்டு. அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்ட காங்கிரீட், இரவு வெகுநேரம் வரை அனலைக் கக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரப்பதம் கூடுதலாக இருக்கும் கடலோர ஊர்களில் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. பக், ஷிட்ஸூ மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு இரட்டிப்பு ஆபத்து. இதில் 'இருட்டா இருந்தா தூங்கும்' என்று கூண்டைச் சுற்றி நாலு பக்கமும் போர்வையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். ஏ.சி. அறையில் ஜன்னலெல்லாம் சாத்தி, கூண்டையும் மூடி வைத்திருக்கும்போது நள்ளிரவில் கரன்ட் போனால் அங்கேயும் இதே கதைதான்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஓயாமல் மூச்சிரைப்பது, கொழகொழவென்று எச்சில் வடிவது, ஈறு செக்கச்செவேலென்று ஆவது, எழுந்தால் தள்ளாடுவது இவையெல்லாம் வெப்பத் தாக்குதலின் அறிகுறிகள். உடனே குழாய்த் தண்ணீரை உடம்பில் ஊற்றி, ஃபேன் காற்றில் காட்டி, அந்த ஈரத்தோடே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் பிழைக்காது.

தரைத்தளத்திலும் தோட்டத்து வீடுகளிலும் வேறு வகை எமன்கள். கூண்டில் சிந்திய பாலுக்கும் சோற்றுக்கும் சிவப்பு எறும்பு வரிசை கட்டி வரும். திறந்த வெளியில் இருக்கும் குட்டி எழுந்து ஓடிவிடும். பூட்டிய கூண்டில் இருப்பது எங்கே போகும்? எலியும் பெருச்சாளியும் வரும். அவற்றின் மூத்திரத்தில் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதன் வழியாக நமக்கும் வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். நீலகிரி, வால்பாறை பக்கம் சிறுத்தைக்கு நாய் என்றால் தனிப் பிரியம். வாசலில் இருக்கும் கூண்டு அதற்குத் தட்டில் வைத்த சாப்பாடு. குட்டி கத்தினால் யாரும் வர மாட்டார்கள் என்று முடிவு செய்துவிட்ட வீட்டில், இவற்றில் எது வந்தாலும் தெரியப் போவதில்லை.

இனி மூத்திர விஷயம். குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். அத்தனை மணி நேரம்தான் அதனால் அடக்க முடியும் என்பது வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குப் பூட்டி ஆறு மணிக்குத் திறந்தால் நடுவே எட்டு மணி நேரம். தூங்கும் இடத்தை அசுத்தப்படுத்தக் கூடாது என்பது நாய்க்குப் பிறவிக் குணம். முடிந்த மட்டும் அடக்கிப் பார்க்கும், கத்திக் கூப்பிடும், யாரும் வராவிட்டால் உள்ளேயே போய்விட்டு அதன் மேலேயே படுத்துக் கிடக்கும். நாலு நாள் இப்படி நடந்தால் அந்தப் பிறவிக் குணமே மழுங்கிவிடும். அதற்குப் பிறகு 'இந்த நாய்க்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் புரியல' என்று அடிப்பதில் என்ன நியாயம்?

கத்துவதை விடவும் என்னைப் பயமுறுத்துவது கத்தாத குட்டிதான். அதிலும் முந்தின நாள் வரை துள்ளிவிட்டு இன்று மூலையில் சுருண்டு கிடக்கும் குட்டி. 1978-ல் உலகம் முழுக்கப் பரவிய பார்வோ வைரஸ் இன்றைக்கும் நம் ஊர்களில் குட்டிகளை அள்ளிக்கொண்டு போகிறது. முதலில் சோர்வு, சாப்பாட்டைத் தொடாமை, பிறகு வாந்தி, பிறகு குடலைப் பிடுங்கும் நாற்றத்தோடு ரத்தக் கழிச்சல். நீர்ச்சத்து வற்றி ஓரிரு நாளில் உயிர் போகும். இரவு பூட்டி, காலையில் திறப்பவர்களுக்கு அந்த ஓரிரு நாளில் பாதி கண்ணில் படாமலே கழிந்துவிடும். பொமரேனியன், சிவாவா மாதிரிக் குட்டி இனங்களுக்கு இன்னொரு கண்டம் உண்டு. நெடுநேரம் வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சரிந்து, உடம்பு சில்லிட்டு, நடுங்கி, மயங்கிவிடும். ஈறில் கொஞ்சம் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பார்வோ வந்து போன வீட்டின் பழைய கூண்டை யாராவது இலவசமாகக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயிலை நம்ப முடியாது. கழிவை முழுக்கக் கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால்தான் சாகும். பிளீச்சோடு ஆசிட்டோ பினாயிலோ சேர்க்காதீர்கள். நன்றாகக் காய்ந்து வாடை போன பிறகே குட்டியை விட வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு மோசடி இருக்கிறது. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. நடைமுறையில் முப்பது, நாற்பது நாள் குட்டியைக் காட்டி 'ரெண்டு மாசம் ஆச்சு சார்' என்று விற்கிறார்கள். சின்னதாக இருந்தால்தானே அழகாக இருக்கும், சீக்கிரம் விலை போகும். வாயைத் திறந்து பாருங்கள். இரண்டு மாதக் குட்டிக்குப் பால்பற்கள் 28-ம் முளைத்திருக்கும். பின்பக்கத்து ஈறு வெறுமையாக இருந்தால், அது தாய்ப்பால் மறக்காத குழந்தை. அந்தக் குட்டியைக் கூண்டில் தனியாகப் பூட்டுவது பச்சைக் கொடுமை. வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

வயது சரியாக இருக்கிறது, குட்டியும் வந்துவிட்டது என்றால் முதல் இரவை இப்படிக் கடத்தலாம். குட்டியை எடுக்கப் போகும்போதே ஒரு பழைய துணியைக் கொண்டுபோய்த் தாயின் மேலும் மற்றக் குட்டிகளின் மேலும் நன்றாகத் தேய்த்து வாங்கி வாருங்கள். அந்த வாசனை கூண்டுக்குள் இருக்கட்டும். முடிந்தால் காலை நேரத்தில் குட்டியைக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் பகல் முழுவதும் கூண்டோடு பழக நேரம் கிடைக்கும். கதவை மடக்கிக் கட்டிவிட்டு, சாப்பாட்டுத் தட்டைக் கூண்டுக்குள் வையுங்கள். அதுவாகப் போகட்டும், அதுவாக வரட்டும். கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளினால் அன்றோடு கூண்டு அதற்குச் சிறை. அது மும்முரமாகச் சாப்பிடும்போது கதவைச் சும்மா சாத்தி, முடிக்கும் முன் திறந்துவிடுங்கள். பகலில் இதையே சில தடவை செய்து, சாத்தி வைக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தப்பு செய்ததற்குத் தண்டனையாக ஒருபோதும் உள்ளே போடாதீர்கள்.

இரவில் கூண்டு உங்கள் கட்டிலை ஒட்டியே இருக்க வேண்டும். கையை நீட்டினால் கம்பிக்குள் விரல் எட்டுகிற தூரம். குட்டி முனகும்போது உங்கள் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, அதன் மேல் மூக்கை வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப் போவதை நீங்களே பார்க்கலாம். தரையில் பாய் விரித்துக் கூண்டருகே படுத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஃபேன் காற்று படட்டும், ஒரு பக்கமாவது திறந்தே இருக்கட்டும். இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கோடையில் தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். பசும்பால் வேண்டாம், பேதி பிடுங்கும். பட்டன் கண் வைத்த பொம்மை, கிழிகிற துணி, கடித்தால் துண்டாகிற ரப்பர் எதுவும் உள்ளே வேண்டாம். மொபைல் சார்ஜர் ஒயர், கொசுவர்த்தி, அந்துருண்டை எதுவும் கூண்டிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.

நள்ளிரவு ஒன்று, விடியற்காலை நான்கு என்று அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து, விளக்கைப் பெரிதாகப் போடாமல், பேசாமல், கொஞ்சாமல், வீட்டுக்குள்ளேயே அல்லது உங்கள் சொந்த வாசலிலேயே ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் விடுங்கள். தடுப்பூசி முடியாத குட்டிக்குத் தெருமுனை ஆகாது. போய் முடித்ததும் மெல்லத் தட்டிக்கொடுத்துத் திரும்பக் கூண்டில் விடுங்கள். விளையாட்டு காட்டினால் ராத்திரி எழுப்பினால் விளையாட்டு என்று கற்றுக்கொள்ளும். தூங்க வைத்ததும் கொஞ்ச நேரம் முனகிக் குறைந்துகொண்டே போகும் குரல் வேறு. நல்ல தூக்கத்திலிருந்து திடீரென எழுந்து கத்துவது அவசரத்துக்கு. வீறிட்டு, விடாமல், ஏறிக்கொண்டே போகும் குரல் வலிக்கோ பயத்துக்கோ உரியது. அதைக் கேட்ட பிறகும் படுத்திருக்காதீர்கள். கம்பியில் உரசி மூக்குத் தோல் வழன்றிருந்தாலோ, நகம் உடைந்திருந்தாலோ, விரிப்பெல்லாம் எச்சிலில் நனைந்திருந்தாலோ அந்தக் குட்டிக்கு இப்போதைக்குக் கூண்டு வேண்டாம். சமையலறை மூலையில் தடுப்பு கட்டி விடுங்கள், போதும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒன்று. இருட்டில் கூண்டுக்குள் கையை விட வேண்டாமென்று சொல்லி வையுங்கள். ரேபீஸ் ஊசி சாதாரணமாக மூன்று மாதத்தில்தான் போடப்படுகிறது. அதுவரை குட்டிதானே என்று அலட்சியம் கூடாது. பல் பட்டாலோ நகம் கீறினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று யாரும் நினைக்க வேண்டாம். தேவையான அளவு அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்திருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் வீட்டுக்குள் நாயைக் கூண்டில் பூட்டி வைத்து வளர்ப்பதையே சட்டம் தடுக்கிறது. இங்கே அந்தக் குட்டிக்கு இருக்கிற ஒரே காவல், அதைத் தூக்கிக்கொண்டு வந்த உங்கள் வீடுதான்.

ஆகவே குட்டி வாங்க நாள் பார்ப்பவர்கள் ராகுகாலம் எமகண்டம் பார்ப்பதோடு உங்கள் லீவு கணக்கையும் பாருங்கள். ஒரு வாரமாவது ராத்திரி எழுந்திருக்கக்கூடிய ஆள் வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சை, வீட்டில் கல்யாணம், ஆபீசில் ஆடிட் என்று ஏதாவது இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். அடுத்த மாதமும் குட்டிகள் கிடைக்கும்.